சிகாமணி பிடித்த பந்து

1

அறுபத்தாறாம் வருஷம் ஜூலை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்மனியில் என் பட்டறை ஃபோர்மன் வால்டர் தன் சொந்த மச்சானின் மூக்கை உடைத்தார். நான் பக்கத்து நாற்காலியில் ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் என் கிளாஸுக்குள்ளும் தெறித்தது.

சொத்துத் தகராறு இல்லை. லண்டனில் அன்று உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஆளுக்கு இரண்டு கோல் போட்டு, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. இங்கிலாந்துக்காரன் அடித்த பந்து மேல்கட்டையில் பட்டு, செங்குத்தாகக் கீழே விழுந்து, வெளியே துள்ளி வந்தது. விழுந்த இடம் கோட்டுக்கு உள்ளேயா, கோட்டின் மேலேயா? ரெஃபரிக்குத் தெரியவில்லை. ஓடிப்போய், கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேனைக் கேட்டார். லைன்ஸ்மேன் தலையை ஆட்டினார். கோல் என்று விசில் ஊதிவிட்டார்கள்.

"உள்ளேதான் விழுந்தது" என்றார் வால்டரின் மனைவியுடைய தம்பி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வால்டர் எழுந்தார், குத்தினார், திரும்ப உட்கார்ந்து டெலிவிஷனைப் பார்த்தார். ஆட்டம் முடிந்து ஜெர்மனி தோற்றதும் எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியை உதைத்து நொறுக்கினார். அவர் மனைவி தம்பியின் மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டே புருஷனைப் பார்த்துக் கத்தினாள். தெருவில் வேறு வீடுகளிலும் ஏதேதோ உடையும் சத்தம் கேட்டது. என் மகள் ஜீனத்துக்கு அப்போது ஏழு வயது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்துத் தூக்கினேன்.

"வாப்பா, நாம தோத்துட்டோம்" என்றாள்.

நாம் என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்தபோது கோபம்தான் வந்தது. இங்கே வந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நாமாம்.

அப்போது வால்டர் என் பக்கம் திரும்பினார். கைமுட்டியில் மச்சானின் ரத்தம் காயவில்லை. "காதர், நீ லைன்ஸ்மேனாக இருந்தவன். சிதம்பரத்தில் நானே பார்த்தேன். நீ சொல். அங்கே நின்றுகொண்டு ஒருவனால் அதைப் பார்த்திருக்க முடியுமா?" என்றார்.

வீடே என்னைப் பார்த்தது. நான் சொன்ன பதிலால் எனக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதத்தான் இந்தக் குறிப்புகளைத் தொடங்கினேன். ஆனால் அதற்கு முன்னால் சிதம்பரத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே நான் தூக்கிய ஒரு கொடியால் என் மச்சானுக்கு ஒரு கண் போயிற்று, எதிரணி கோல்கீப்பருக்கு மணிக்கட்டு போயிற்று, எனக்கு மட்டும் ஜெர்மனி கிடைத்தது.

2

அந்த இறுதி ஆட்டம் முடிந்து மூன்று வாரத்தில் கடலூர் ஓல்டு டவுனிலிருந்து என் அக்கா புருஷன் ரஹ்மத் மச்சானின் கடிதம் வந்தது. அக்காவின் மூட்டுவலி, மீன் விலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஓரத்தில் கிறுக்கியிருந்தார்: 'உங்க ஊர்ல ஏதோ பந்தாட்டத்துல தோத்துட்டாங்களாமே. பேப்பர்ல பொடி எழுத்துல போட்டிருந்தான். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதே.'

படித்துச் சிரித்தேன். இங்கே ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை பட்டறையில் ஒரு ஆளும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. இரண்டு பேர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். எங்களோடு வேலை செய்த இத்தாலிக்காரர்கள் அதற்கு முன்பே துக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் அணி வடகொரியாவிடம் தோற்று ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் அழுகிய தக்காளியால் அடித்தார்களாம். அதைச் சொல்லும்போது எங்கள் இத்தாலிக்காரன் ஒருவன், தான் அங்கே இல்லாமல் போனோமே என்றுதான் வருத்தப்பட்டான். பினாங்கில் கடை வைத்திருக்கும் என் மாமா, அங்கே பந்தாட்டம் நடக்கும் நாளில் கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று எழுதுவார். பட்டறைக்கு இயந்திரம் பார்க்க வந்த அமெரிக்கன் ஒருவனோ, எதற்காக எல்லோரும் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். அவனை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

அந்த மாதம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று படிவம், நான்கு முத்திரை, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. குமாஸ்தா என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இந்தியாவா? உங்கள் அணி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதே, நல்ல ஆட்டம்" என்றார். நான் முழித்தேன். எனக்கு அது தெரியாது. எந்த வருஷம் என்று கேட்டேன். அறுபத்திரண்டு என்று சொன்னார். அந்த வருஷம் நான் தலையில் தையலோடு கடலூரில் படுத்துக்கிடந்தேன். இந்தியா ஜெயித்ததை என்னிடம் யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சிதம்பரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆகவே எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பந்தாட்டத்தில் அக்கறை இல்லை என்று இந்த ஊர்க்காரர்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த நாடு எந்த நாட்டை அடித்தது என்பதில்தான் அக்கறை இல்லை. கடலூரும் சிதம்பரமும் மோதினால் மண்டை உடையும்.

3

நெய்வேலியில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க ஜெர்மன்காரர்கள் வந்திருந்த காலம் அது. இயந்திரப் பெட்டிகள் சில கடலூர்த் துறைமுகத்தில் இறங்கும். நான் அங்கே படகிலிருந்து சரக்குத் தூக்கும் இடத்தில் வேலையாக இருந்தேன். பெட்டிகளை வாங்கிப்போக ஜீப்பில் வருகிறவர் வால்டர். ஆறடி உயரம், வெயிலில் வெந்த முகம்.

அந்த ஜெர்மன்காரர்களுக்குச் சாயங்காலத்தில் பொழுது போகவில்லை. ஒரு பந்தாட்ட அணி சேர்த்துக்கொண்டு, ஜில்லாவில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். சர்வதேச ஆட்டம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதில் ஆடுவது கடலூரா சிதம்பரமா என்று கேள்வி வந்தது. சரி, இரண்டு ஊரும் முதலில் மோதட்டும், ஜெயித்தவர் வெள்ளைக்காரனோடு ஆடட்டும் என்று முடிவாயிற்று. அந்த ஆட்டம் சிதம்பரத்தில்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரெஃபரி மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். லைன்ஸ்மேன் இருவரையும் ஆடுகிற இரண்டு ஊரும் ஆளுக்கு ஒருவராகக் கொடுக்கும். ஒரு கோட்டில் உன் ஆள், ஒரு கோட்டில் என் ஆள். இதைக் கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். திருடனையே காவலுக்கு வைப்பதா என்கிறார்கள். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் திருட்டு இருந்தால் கணக்கு நேராகிவிடும் அல்லவா?

அன்று கடலூர் கொடுத்த லைன்ஸ்மேன் நான். என்னை நிறுத்தியது ரஹ்மத் மச்சான். ஓல்டு டவுன் அணிக்கு அவர்தான் எல்லாம். மீன் ஏலக்கடையில் கத்திக் கத்தித் தடித்த குரல் அவருக்கு. காலை பாசஞ்சர் ரயிலில் இரண்டு பெட்டி நிறைய எங்கள் ஆட்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது மச்சான் சிவப்புத் துணி சுற்றிய குச்சியை என் கையில் கொடுத்தார்.

"மாப்ளே, இதான் உனக்குக் கொடி. பயப்படாதே. நீ எதுக்குத் தூக்குறியோ அதுக்கு நான் இருக்கேன்."

"தப்பாத் தூக்கிட்டா?"

"தூக்குனதுக்கு அப்பறம் என்னாடா தப்பு?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

4

மைதானத்தைச் சுற்றிப் பனைமட்டை வேலி. ஒரு பக்கம் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல். அதை எவன் அங்கே கொட்டினானோ, அவனை இன்றைக்கும் திட்டுகிறேன். வேலிக்கு வெளியே மரத்தில், மதிலில், பஸ் கூரையில் எல்லாம் ஜனம். வால்டர் ஜீப்பை ஓரமாக நிறுத்தி அதன் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்து கோல்கீப்பர் சிகாமணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சக்கரத்தில் கோட்டம் எடுத்து நேராக்குவதில் அவருக்கு நிகர் இல்லை என்று எங்கள் ஊரிலேயே சொல்வார்கள். வெறுங்காலோடு ஆடுவார். அன்று எங்கள் ஆட்கள் அடித்த எதையும் உள்ளே விடவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

எங்கள் ஃபார்வர்டு ஒரு பந்தைத் தாழ்வாக அடித்தான். சிகாமணி பக்கவாட்டில் விழுந்து பிடித்தார். பிடித்த இடம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? சுண்ணாம்புக் கோடு அதற்குள் கால்பட்டு அழிந்திருந்தது. வெயில் நேராக என் கண்ணில். எனக்கும் பந்துக்கும் நடுவில் சிதம்பரத்து ஆள் ஒருவனின் முதுகு. நான் பந்தைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தது கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்ற ரஹ்மத் மச்சானை. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தார். அவருக்கு முன்னால் மறைப்பு ஒன்றும் இல்லை. மச்சான் கை தூக்கினால் கோல்தான். நான் கொடியைத் தூக்கினேன். பண்ருட்டியிலிருந்து வந்த ரெஃபரி கொடியைப் பார்த்தார், விசில் ஊதினார்.

சிகாமணி எழுந்திருக்கவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்து விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

"நவுர மாட்டேன்யா! ரெஃபரி சார், வந்து பாருங்க. பந்து இங்க இருக்குது, கோடு அங்க இருக்குது. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க!"

எழுந்தால் சாட்சி போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரெஃபரி இரண்டடி எடுத்து வைத்தார். அதற்குள் பின்னாலிருந்து மச்சான் ஓடிவந்து விட்டார். பந்தைப் பிடித்திருந்த கையைக் குதிகாலால் மிதித்தார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சிகாமணி அலறியபடியே மற்றக் கையால் பந்தை இறுக்கிப் பிடித்தார். மச்சான் அவரைப் பந்தோடு சேர்த்துத் தரதரவென்று கோலுக்குள் இழுத்துப் போட்டார்.

அடுத்த நிமிஷம் சோடா புட்டி பறந்தது. மச்சானின் இடது கண்ணில் அடித்து உடைந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். விரலுக்கு நடுவில் வந்தது ரத்தம் மட்டும் இல்லை. எங்கள் ஆட்கள் வேலியைப் பிடுங்கினார்கள். அவர்கள் ஜல்லியை அள்ளினார்கள். மட்டை, கழி, சைக்கிள் செயின், கையில் கிடைத்த எல்லாம். கீழே விழுந்தவனை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிழவர் காதிலிருந்து ரத்தம் வழிய, தன் செருப்பைத் தேடிக்கொண்டு நடுமைதானத்தில் நடந்துபோனார்.

நான் மட்டும் கொடியைத் தூக்கியபடியே நின்றேன். தைரியம் இல்லை. பயத்தில் கை இறங்கவில்லை. ஒரு கல் நெற்றியில் பட்டு, நின்றபடியே விழுந்தேன்.

5

வால்டர்தான் என்னையும் மச்சானையும் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டார்கள். மச்சானுக்குக் கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் விசாரணைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பந்து தாண்டுனத நீ உன் கண்ணால பாத்தியா?"

அடுத்த கட்டிலில் மச்சான் கட்டுப்போட்ட முகத்தோடு கிடந்தார். நான் தூக்கிய கொடிக்காகக் கண் போன மனுஷர். பார்க்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

"பாத்தேன் சார்" என்றேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கையெழுத்தோடு சிகாமணியின் கதை முடிந்தது. கோலை ஒப்புக்கொள்ளாமல் கலகத்தை மூட்டியவர் என்று அவரை ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். சிதம்பரத்துக்காரர்களே அவரைத் திட்டினார்கள். பந்தை உள்ளே விட்டுவிட்டுப் பொய் சொல்லி ஊர்ப் பிள்ளைகளை அடிவாங்க வைத்தான் என்றார்கள். கடலூர்க்காரன் மட்டும் சாட்சி சொன்னால் சந்தேகப்படலாம். ரெஃபரியும் விசில் ஊதினார், போலீஸிலும் எழுதியாயிற்று என்றால் என்ன சொல்வது? இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த சர்வதேச ஆட்டமும் நடந்தது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில், மீதியில் சிலர் லாக்கப்பில். எட்டுப் பேர் போய் ஆடி ஏழு கோலில் தோற்றார்கள். பார்க்க வந்தது ஒரு வேர்க்கடலைக்காரரும் மைதானத்தில் மேய்ந்த ஆடுகளும்தான் என்று வால்டர் பிற்பாடு சொன்னார். யார் ஜெயித்தது என்று ஓல்டு டவுனில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் வால்டர் என்னை விடவில்லை. கல் மழையாகக் கொட்டும்போது கொடியை இறக்காமல் நின்றவன் நான் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. "கண்ணால் பார்த்ததை உயிர் போனாலும் மாற்றாதவன். அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றார். ஊர் திரும்பியதும் பேப்பரெல்லாம் எழுதி என்னை வரவழைத்தார். அடுத்த வருஷம் என் மனைவியும் மகளும் வந்தார்கள்.

எனக்கு அவர் கொடுத்த வேலை சிக்னல்காரன். கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலேயிருந்து கீழே தெரியாது. சரக்குக்குக் கீழே ஆள் இல்லை என்று நான் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடி காட்ட வேண்டும். காட்டினால் இறக்குவார். பார்க்காமல் காட்டினால் ஒருவன் நசுங்கிச் சாவான். இரண்டு வருஷம் ஒரு தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு தரமும் குனிந்து, சுற்றி நடந்து, இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை தூக்குவேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மற்றவர்கள் திட்டுவார்கள். வால்டர் மட்டும் பெருமையாகப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் என்னைத் தின்றது.

6

இனி அந்தச் சனிக்கிழமை. "ஒருவனால் பார்த்திருக்க முடியுமா?" என்று வால்டர் கேட்கிறார். முடியும் என்றால் என் மூக்கும் போகும், அது ஒரு பயம். அதைவிட, நாலு வருஷமாக அடைத்துக்கிடந்தது தொண்டைவரை வந்துவிட்டது.

"லண்டனில் நின்றவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அன்றைக்குப் பந்தையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் தூக்கினேன்" என்றேன்.

அவர்கள் மொழியில் கோடு பெண்பால். நான் அவசரத்தில் ஆண்பாலாக்கிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அழுதுகொண்டிருந்த ஜீனத் அழுகையை நிறுத்தி என்னைத் திருத்தினாள். அப்பன் என்ன சொன்னான் என்பது அவள் மனதில் ஏறவே இல்லை.

வால்டர் சிரித்தார். என்னைக் கட்டிக்கொண்டார். "கேட்டீர்களா! லைன்ஸ்மேன் ஒருவனே சொல்கிறான்! ஒருவனும் பார்ப்பதில்லை!" என்று ஜன்னலைத் திறந்து தெருவுக்கே சொன்னார். மூக்கு உடைந்த மச்சானும் துண்டுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். ஒரு மனுஷனின் கண்ணும் ஒரு மனுஷனின் கையும் போன சங்கதி அவர்களுக்கு ஆறுதல் வேடிக்கையாக ஆயிற்று. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன்கிழமை வால்டர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்றைக்கு நிஜமாகவே பார்க்கவில்லையா?"

"இல்லை."

"பிறகு எதை வைத்துத் தூக்கினாய்?"

"என் மச்சான் கை தூக்கினார்."

அவர் என் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டார். "என் ஆட்கள் அந்தச் சரக்குக்குக் கீழே நடக்கிறார்கள், காதர்" என்றார். மறுநாளிலிருந்து எனக்கு இயந்திரத்துக்கு அடியில் மசகு எண்ணெய் துடைக்கும் குழியில் வேலை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, நிறையவே வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பேன்.

7

போன வருஷம் விடுப்பில் கடலூர் போனேன். மச்சான் வீட்டில் பகல் சாப்பாடு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்திருந்தோம். மச்சான் வழக்கம்போல் தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "உங்க மாமன் தூக்குன கொடிக்கு நான் கண்ணைக் குடுத்தேன். குடுத்துட்டுப் போறேன், என்னா இப்போ?" என்றார். அக்கா ஹாஜிரா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கதையில் எப்போதும் பெருமைதான்.

என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னேன்.

"மச்சான், நான் அன்னிக்குப் பந்தைப் பாக்கல. நீங்க ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சீங்க. அதப் பாத்துதான் கொடி தூக்குனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மீனை வாயில் வைத்து மென்றார்.

"நான் எங்கடா கோலுக்குக் குதிச்சேன்? பாழாப்போனவன் புடிச்சிட்டானேன்னு கையைத் தூக்கித் தலையில அடிச்சிக்கிட்டேன். பந்து ஒரு சாண் வெளியில கெடந்துச்சு. எம் மூக்குக்கு நேரா கெடந்துச்சு."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா? திரும்பிப் பாத்தா நீ கொடியத் தூக்கிக்கிட்டு நிக்கிறே. எம் மச்சான் தூக்கிட்டான். அப்பறம் நான் என்னா பண்றது? பந்தை உள்ள கொண்டாரணுமா, வேணாமா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆறு வருஷம் இதைச் சுமந்திருக்கிறேன். ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதில்லை. கொடி வேலை போயிற்று, மானம் போயிற்று. இவர் மீன் மென்றுகொண்டு சொல்கிறார். எச்சில் கையோடு எழுந்து அவர் சட்டையைப் பிடித்து அறைந்தேன். அவர் தட்டை என் முகத்தில் வீசினார். இரண்டு பேரும் சோற்றிலும் குழம்பிலும் புரண்டோம். நாற்பது வயதை நெருங்குகிற ஆளும் நாற்பதைத் தாண்டிய ஆளும். அவருக்குக் கண் தெரியாத பக்கமாகப் பார்த்து நான் குத்தினேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவர் என் கழுத்தை நெரித்தார்.

அக்கா தண்ணீர்ச் சொம்பால் இரண்டு பேர் முதுகிலும் மாறி மாறிப் போட்டாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு விலகி உட்கார்ந்தோம். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"அப்போ அந்த சிதம்பரத்து ஆளு சொன்னது நெசந்தானா?" என்று கேட்டாள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நெசமான்னு கேக்குறேன். கையை ஒடிச்சிட்டு வந்து எங்கிட்ட பொய்க்காரன் பொய்க்காரன்னு சொன்னீங்களே, அந்த ஆளு சொன்னது நெசமா?"

"நெசந்தான்" என்றார் மச்சான்.

"எந்திரிச்சி மூஞ்சியக் கழுவுங்க. மூணு மணிக்கு பஸ் இருக்குது" என்றாள் அக்கா.

8

சைக்கிள் கடை அதே இடத்தில் இருந்தது. சிகாமணி முன்னைவிடப் பருத்திருந்தார். ஒரு ஆள் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து இந்தக் கம்பி, அந்தக் கம்பி என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வளைந்து உறைந்துபோயிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முதலில் இடது கை ஒரு ஸ்பேனரைத் தேடியது.

மச்சான் நடுக்கடையில் நின்று, "அடிக்கிறதுன்னா அடிங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏலக்கடையில் ஊரே கேட்கக் கத்துகிற மனுஷர்.

நான் சொன்னேன். வெயில், முதுகு, மச்சானின் கை, போலீஸில் போட்ட கையெழுத்து, ஒன்று விடாமல் சொன்னேன். "பந்து கோட்டைத் தாண்டல. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. அவர் கலங்கவில்லை, அடிக்கவில்லை. எரிச்சலோடு பார்த்தார்.

"தாண்டலன்னு எனக்குத் தெரியாதா? புடிச்சவன் நானுய்யா. எங்கிட்ட வந்து சொல்றீங்களே, இது எனக்குச் சேதியா?"

அவர் திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டிக்கு என்னிக்கு என்மேல கோவம் வந்தாலும் அந்தப் பந்துல வந்துதான் நிப்பா. நீதான பந்தை உட்டுட்டுப் பொய் சொன்னவன், இதுவும் பொய்தான்ம்பா. எம் புள்ளைங்க கேட்டுக்கிட்டு நிக்கும். கை போனதுகூட பரவால்லய்யா. நீ அன்னிக்குக் கொடியத் தூக்குனப்போ எத்தினி பேரு பாத்தாங்க? எல்லார் முன்னாடியுந்தான தூக்குனே? இப்போ கடைக்குள்ள வந்து என் காதுல சொல்லிட்டுப் போறியே, இது என்னா ஞாயம்? போயி எல்லாருக்கும் சொல்லு."

"எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி, அங்கே மனிதர்கள் எதில் அக்கறையாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் இன்னும் அந்த லண்டன் பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள், தாளில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள், தாண்டியதா இல்லையா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பந்துக்குப் படம் கிடையாது. சாட்சி நாங்கள் இரண்டு பேர்தான், மச்சானின் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அன்று சிதம்பரம் மைதானத்தில் இருந்தவர்களுக்கு: பந்து கோட்டைத் தாண்டவில்லை. நான் பார்க்காமல் கொடி தூக்கினேன், பிறகு பார்த்தேன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டேன். ரஹ்மத் மச்சான் பார்த்துவிட்டு மணிக்கட்டை மிதித்தார். சிகாமணி சொன்னது அத்தனையும் உண்மை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அந்தக் கடைக்குச் சைக்கிள் விடப் போகிறவர்கள் யாராவது, தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவர் வீட்டில், அவர் மனைவிக்கு, பிள்ளைகளும் இருக்கும்போது, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.